தாலுகா ஆபீஸ் குமாஸ்தா துணைவேந்தர் ஆனார்!

வேலை பார்த்துக்கொண்டே பட்டங்கள் பெற்ற மு. வரதராசனாரின் வாழ்க்கை

சங்கரன்கோவில் தெருக்களில் விசைத்தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரருக்கு வயது 35. தறி ஓட்டுகிறார். மனைவி தார் சுற்றுகிறார். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அவர் பள்ளிப் படிப்பை முடித்தவர். மேலே படிக்க ஆசை இருந்தது. வீட்டில் வசதி இல்லை. தறியில் உட்கார்ந்தார். வருடங்கள் ஓடிவிட்டன.

இப்போது, வீட்டில் இருந்தபடியே பி.ஏ. படிக்கலாமா என்று யோசிக்கிறார். என்னென்ன சான்றிதழ் வேண்டும், எவ்வளவு பணம் கட்டவேண்டும், கடைசித் தேதி என்ன என்று விசாரித்தார். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினார். நாலாக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

தாள் அங்கேயே இருக்கிறது. அவர் இன்னும் பணம் கட்டவில்லை.

காரணம் பயம். இந்த வயதில் படிப்பு ஏறுமா? கல்லூரிக்குப் போகாமல் வாங்கும் பட்டத்தை நாலு பேர் மதிப்பார்களா? பரீட்சையில் தவறிவிட்டால், பிள்ளைகளின் துணிமணிக்கு ஆகவேண்டிய பணம் வீண்தானே?

இப்படிப்பட்ட வீடுகள் தமிழ்நாட்டில் பல உண்டு. அந்த வீடுகளில் உள்ளவர்கள் மு. வரதராசனாரின் கதையை அறியவேண்டும்.

மு.வ. என்ற இரண்டு எழுத்துகளைத் தமிழ் படித்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். திருக்குறளுக்கு அவர் எழுதிய சின்னஞ்சிறு தெளிவுரைப் புத்தகம் லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. கதை எழுதியவர். பேராசிரியராக இருந்தவர். கடைசியில் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனவர்.

ஆனால், அவர் ஒரு நாள்கூட மாணவராகக் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்தது இல்லை. இது பலருக்குத் தெரியாது.

தாத்தாவின் பெயர்

1912-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 25-ந் தேதி மு.வ. பிறந்தார். தகப்பனார் பெயர் முனுசாமி முதலியார். தாயார் அம்மாக்கண்ணு அம்மாள்.

பிறந்த ஊர் திருப்பத்தூர். தென்பாண்டி நாட்டுக்காரர்கள் இதைச் சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூர் என்று எண்ணிவிடக் கூடாது. இது பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் திருப்பத்தூர். 2019-ல் அது தனி மாவட்டம் ஆயிற்று. சங்கரன்கோவில் அடங்கிய தென்காசி மாவட்டமும் அதே ஆண்டில் பிறந்ததுதான்.

குழந்தைக்கு வைத்த பெயர் திருவேங்கடம். தாத்தாவின் பெயர் வரதராசன். வீட்டில் தாத்தாவின் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

இளமைக் காலம் வாலாசாவுக்கு அருகில் உள்ள வேலம் என்ற கிராமத்தில் கழிந்தது. பிறகு வாலாசாவிலும் திருப்பத்தூரிலும் படித்தார். 16 வயதில் பள்ளி இறுதிப் படிப்பு முடிந்தது.

அதற்கு மேல் கல்லூரி. கல்லூரி என்றால் வெளியூர் போகவேண்டும். விடுதியில் தங்கவேண்டும். மாதா மாதம் பணம் அனுப்பவேண்டும். அந்தக் காலத்தில் கல்லூரிகளும் சிலவே. பெரும்பாலான பையன்கள் பள்ளிக்கூடத்தோடு நின்றார்கள்.

வரதராசனும் நின்றார். 1928-ல் திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தார்.

வேலை போயிற்று

சர்க்கார் உத்தியோகம்! 16 வயதுப் பையனுக்கு இது சின்ன விஷயம் அல்ல. அப்படியே இருந்திருந்தால் தலைமைக் குமாஸ்தா ஆகியிருக்கலாம். தாசில்தாராகக்கூட ஓய்வு பெற்றிருக்கலாம்.

உடம்பு இடம் கொடுக்கவில்லை. சில மாதங்களிலேயே நோய் வந்தது. வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குத் திரும்பினார்.

கையில் வேலை இல்லை. உடம்பில் பலம் இல்லை. கல்லூரிக்குப் போகவும் வழி இல்லை. அந்த நாட்களில்தான் அவர் தமிழ்ப் புத்தகங்களை எடுத்தார்.

திருப்பத்தூரில் முருகைய முதலியார் என்ற தமிழறிஞர் இருந்தார். அவரிடம் மு.வ. பாடம் கேட்டார்.

சென்னைப் பல்கலைக்கழகம் அப்போது வித்துவான் பரீட்சை என்று ஒன்றை நடத்தி வந்தது. இது முழுக்க முழுக்கத் தமிழ்ப் பரீட்சை. கல்லூரியில் சேராதவர்களும் பணம் கட்டி எழுதலாம். அப்படி எழுதுகிறவர்களுக்குத் தனித்தேர்வர் என்று பெயர்.

தனித்தேர்வர் பாடு எளிதல்ல. இன்றைக்குத் தபால் கல்வியில் சேர்ந்தால் பாடப் புத்தகம் கொடுக்கிறார்கள். எந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அன்றைக்கு அதெல்லாம் கிடையாது. பாடத்திட்டம் உண்டு. மற்றதை நாமே தேடிக்கொள்ளவேண்டும்.

தொல்காப்பியம் போன்ற பழைய இலக்கண நூலைத் தனியாகப் படிப்பது எப்படிப்பட்ட வேலை என்பதைப் படித்தவர்கள் அறிவார்கள். சூத்திரம் இரண்டு வரி இருக்கும். அதற்குப் பழைய உரையாசிரியர் இரண்டு பக்கம் எழுதியிருப்பார். சில இடங்களில் சூத்திரமே சுலபமாக இருக்கும், உரைதான் புரியாது! வகுப்பாக இருந்தால் பக்கத்துப் பையனைக் கேட்கலாம். தனியாகப் படிக்கிறவனுக்குப் பக்கத்தில் சுவர்தான் இருக்கும்.

1931-ல் வித்துவான் முதல்நிலைத் தேர்வில் மு.வ. வெற்றி பெற்றார். பிறகு தாமாகவே படித்தார். 1935-ல் வித்துவான் தேர்வு எழுதினார்.

தேறினார் என்றால் போதாது. சென்னை மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறினார்.

அப்போது சென்னை மாகாணம் என்பது மிகப் பெரிய நிலப்பரப்பு. இன்றைய தமிழ்நாடு மட்டும் அல்ல. ஆந்திரம், கேரளம், கர்நாடகம் ஆகியவற்றின் பகுதிகளும் அதில் அடங்கும். அதில் தமிழ் வித்துவான் தேர்வுக்கு முதல் ஆள், கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு 23 வயது இளைஞர்.

திருப்பனந்தாள் மடம் அவருக்கு 1,000 ரூபாய் பரிசு வழங்கியது. 1935-ல் 1,000 ரூபாய் என்றால் ஒரு குடும்பம் பல மாதங்கள் வாழும் பணம்.

பகலில் வாத்தியார், மற்ற நேரத்தில் மாணவர்

1935-ம் ஆண்டில் அவர் வாழ்க்கையில் மூன்று காரியங்கள் நடந்தன. பரீட்சையில் தேறினார். திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. மாமன் மகள் ராதாவை மணந்தார்.

வேலை, குடும்பம் இரண்டும் வந்துவிட்டன. பெரும்பாலோர் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். குறை சொல்வதற்கு இல்லை. வீட்டுக்கு அரிசி வாங்கவேண்டியவனுக்குப் படிப்பு இரண்டாம் பட்சம்தான்.

மு.வ. மூடவில்லை.

அந்தக் காலப் பள்ளிக்கூடங்களில் தமிழாசிரியர் நிலை எப்படி இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவர்களுக்குச் சம்பளம் அதிகம். மரியாதையும் அதிகம். தமிழ்ப் பண்டிதருக்கு இரண்டும் குறைவு. வித்துவான் என்பது தமிழில் பெரிய தகுதி. ஆனால் பி.ஏ. போன்ற பட்டமாக அதை எண்ணமாட்டார்கள்.

கீழ்நாட்டு மொழிகளுக்கு என்று சென்னைப் பல்கலைக்கழகம் பி.ஓ.எல். என்ற பட்டத்தை வைத்திருந்தது. மு.வ. அதற்குப் படித்தார். பகலில் பையன்களுக்குப் பாடம். பள்ளிக்கூடம் விட்டபிறகு தமக்குப் பாடம்.

நான்கு வருடங்கள் இப்படி ஓடின. 1939-ல் அவர் பி.ஓ.எல். பட்டம் பெற்றார். வயது 27.

அதே ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி அவரை விரிவுரையாளராக எடுத்துக்கொண்டது. கல்லூரியில் படிக்காதவர் கல்லூரியில் பாடம் சொல்லப் போனார்!

20 வருடங்கள்

சென்னைக்குப் போன பிறகும் படிப்பு நிற்கவில்லை. தமிழ் வினைச்சொற்கள் எப்படித் தோன்றி வளர்ந்தன என்பதை ஆராய்ந்தார். 1944-ல் எம்.ஓ.எல். பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு பச்சையப்பன் கல்லூரியின் தமிழ்த்துறைக்கே தலைவர் ஆனார்.

பிறகு டாக்டர் பட்டத்துக்கு முயன்றார். இது வைத்தியம் பார்க்கும் டாக்டர் அல்ல. ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் டாக்டர் பட்டம்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள், சங்க இலக்கியத்தில் இயற்கை. மலை, காடு, வயல், கடல் ஆகியவற்றைச் சங்கப் புலவர்கள் எப்படிப் பாடினார்கள் என்ற ஆராய்ச்சி. அதை ஆங்கிலத்தில் எழுதினார். பள்ளிக்கூடத்தோடு நின்ற ஒரு பையன் ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூல் எழுதும் அளவுக்கு வளர்ந்திருந்தார்.

1948-ல் பட்டம் வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக முதன்முதலில் டாக்டர் பட்டம் பெற்றவர் அவரே.

கணக்குப் பார்ப்போம். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தது 1928. டாக்டர் பட்டம் 1948. சரியாக 20 வருடங்கள். இடையில் நோய் வந்தது. வேலை போயிற்று. கல்யாணம் நடந்தது. ஊர் மாறினார். மூன்று ஆண் குழந்தைகளுக்குத் தகப்பன் ஆனார். நான்கு தேர்வுகளில் வித்துவானை மட்டும் வேலை இல்லாத காலத்தில் முடித்தார். மற்ற மூன்றும் வேலை பார்த்துக்கொண்டே பெற்றவை.

ஓர் இடைவெளியைக் கவனியுங்கள். முதல்நிலைக்கும் வித்துவானுக்கும் 4 வருடம். வித்துவானுக்கும் பி.ஓ.எல்.லுக்கும் 4 வருடம். அதற்கும் அடுத்ததற்கும் 5 வருடம். பிறகு 4 வருடம். எதிலும் பாய்ச்சல் இல்லை. முழுநேர மாணவன் இதைவிட வேகமாக முடிப்பான். சம்பாதித்துக்கொண்டே படிக்கிறவனுக்குக் காலம் கூடத்தான் ஆகும்.

இரண்டு நண்பர்கள் கதை

மு.வ. எழுதிய நாவல்களில் புகழ்பெற்றது "அகல் விளக்கு". 1961-ல் அதற்குச் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது.

இரண்டு நண்பர்களின் கதை அது. ஒருவன் சந்திரன். அழகன், மிகுந்த புத்திசாலி. மற்றவன் வேலய்யன். சுமாரான பையன். புத்திசாலி தடம் மாறிக் கெட்டுப்போகிறான். சுமாரானவன் மெல்ல மெல்லப் படித்து நிலைபெறுகிறான்.

மு.வ.வின் கதைகளில் உபதேசம் கொஞ்சம் அதிகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. உண்மைதான். கதாபாத்திரங்கள் பேச ஆரம்பித்தால் சில சமயம் பாடம் நடத்திவிடுவார்கள். ஆனாலும் ஒரு தலைமுறை இளைஞர்கள் அவற்றை விரும்பிப் படித்தார்கள். கல்யாணப் பரிசாகவும் கொடுத்தார்கள்.

கடிதமாகவும் அவர் புத்தகங்கள் எழுதினார். அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என்பவை அவற்றின் பெயர்கள். தூரத்தில் இருக்கும் ஒருவருக்குத் தபால் எழுதுவது போல, வாழ்க்கையையும் மொழியையும் பற்றி அவற்றில் சொல்லியிருக்கிறார். கல்லூரிக்கு வரமுடியாதவர்களுக்கு அவை பாடம் போலப் பயன்பட்டன.

திருக்குறள் தெளிவுரையும் அப்படித்தான். ஒரு குறளுக்கு ஒன்றிரண்டு வாக்கியத்தில் பொருள். சட்டைப்பையில் அடங்கும் புத்தகம். நூற்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் வந்துவிட்டன. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் அதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். பண்டிதர்களின் உரையைத் தனியாக உட்கார்ந்து படித்துக் கஷ்டப்பட்டவர் எழுதிய உரை என்பது அதைப் படித்தாலே தெரியும்.

மதுரையில் இருந்து தபால்

1961-ல் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறைத் தலைவர் ஆனார். தனித்தேர்வராகப் பணம் கட்டிப் பரீட்சை எழுதிய அதே பல்கலைக்கழகம்தான்.

10 வருடங்கள் கழித்து, 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி வந்தது. பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் கவர்னர். ஆனால் அன்றாடம் அதை நடத்துகிறவர் துணைவேந்தரே. 1966-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல் துணைவேந்தர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். மு.வ. இரண்டாமவர்.

அதே 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழிக் கல்வி தொடங்கியது!

இந்தியாவில் இந்த முறை அப்போது புதியது. 1962-ல் டில்லிப் பல்கலைக்கழகம்தான் முதலில் ஆரம்பித்தது. வெளிநாட்டில் இதற்கு முன்னோடி உண்டு. லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே, தன் கல்லூரிகளில் சேராதவர்களுக்கும் பரீட்சை வைத்தது. தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா சிறையில் இருந்தபடியே தபாலில் சட்டம் படித்து 1989-ல் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் திருநெல்வேலி மாவட்டம் முழுவதும் மதுரைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இருந்தது. சங்கரன்கோவிலும் அதில் அடக்கம். சங்கரன்கோவிலில் இருந்து மதுரை 100 கிலோமீட்டருக்கு மேல். தறியை நிறுத்திவிட்டு, கடையை அடைத்துவிட்டு, தினமும் போய்ப் படிக்கிற தூரமா அது?

இனிப் போகவேண்டியது இல்லை. பாடம் தபாலில் வரும். ராத்திரியில் படிக்கலாம். லீவு நாட்களில் நடக்கும் வகுப்புக்குப் போய்ச் சந்தேகம் கேட்கலாம். பரீட்சை நாளில் மையத்துக்குப் போய் எழுதினால் போதும்.

ஆரம்பப் பள்ளி வாத்தியார்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், கல்யாணம் ஆனபிறகு படிப்பை விட்ட பெண்கள் போன்றவர்களுக்கு இதனால் ஒரு வாசல் திறந்தது.

தபாலில் வாங்கிய பட்டம் மட்டம் என்ற பேச்சும் கூடவே வந்தது. இன்றும் அந்தப் பேச்சு முழுவதும் ஓய்ந்துவிடவில்லை. அன்றைக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமையில் இருந்தவரே கல்லூரியில் படிக்காமல் டாக்டர் ஆனவர் என்பதை அப்படிப் பேசியவர்கள் மறந்துவிட்டார்கள்.

1972-ல் அமெரிக்காவில் உள்ள ஊஸ்டர் கல்லூரி மு.வ.வுக்கு இலக்கியப் பேரறிஞர் பட்டம் வழங்கியது. இது அவரைத் தேடி வந்த பட்டம். பரீட்சை கிடையாது.

கட்டுவதற்கு முன் பார்க்கவேண்டியது

சங்கரன்கோவில் வீட்டுக்கு வருவோம்.

மு.வ. காலத்தில் இருந்த நிலை வேறு, இன்றைய நிலை வேறு. மதுரைப் பல்கலைக்கழகம் 1978-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஆயிற்று. 1990-ல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறந்தது. 1985-ல் டில்லியில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டன. தபால் கல்வி என்ற பெயரும் போய், தொலைநிலைக் கல்வி என்று சொல்கிறார்கள்.

வாசல்கள் அதிகம் ஆகிவிட்டன. அதனால் ஏமாறுகிற இடங்களும் உண்டு. தொலைநிலைக் கல்விக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அனுமதி இருந்தால் போதாது. நீங்கள் சேரும் படிப்புக்கும், சேரும் ஆண்டுக்கும் அனுமதி இருக்கவேண்டும். மானியக் குழுவின் இணையதளத்தில் இந்தப் பட்டியல் உண்டு. பிள்ளைகளை விட்டு செல்போனில் பார்க்கச் சொல்லலாம். பணம் கட்டுவதற்கு முன்பே பார்க்கவேண்டும். கட்டியபின் பார்த்துப் பயன் இல்லை.

இன்னொன்று. எந்த நேரத்தில் படிப்பது என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது. தறி வீட்டில் தனி அறை இருக்காது. பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் தகப்பனும் படிக்கலாம். ஒரே விளக்கு போதும். ஆடித்தபசு போன்ற திருவிழா நாட்களில் உறவினர்கள் வருவார்கள், படிப்பு நடக்காது. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டும்.

மு.வ. 1974-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ந் தேதி சென்னையில் காலமானார். வயது 62. கடைசி வரை துணைவேந்தர் பதவியில் இருந்தார்.

அவர் எழுதிய "தமிழ் இலக்கிய வரலாறு" 1972-ல் வெளிவந்தது. தமிழ் பி.ஏ., எம்.ஏ. படிக்கிறவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். சங்கரன்கோவில்காரர் தமிழ் எடுத்துப் படிப்பதாக இருந்தால், அந்தப் புத்தகம் அவர் கைக்கும் வரும்.